மேடையில் அசையாமல் நிற்கிறவர் என்ன செய்கிறார்? பெட் ஷாப் பாய்ஸ் பாட்டு உருவாகும் விதம்

பெட் ஷாப் பாய்ஸ் என்ற இங்கிலாந்து இரட்டையரின் கச்சேரிக் காட்சிகள் துண்டு துண்டாகக் கைபேசிக்கு வந்துகொண்டிருக்கின்றன. நீண்ட கோட்டு போட்ட ஒருவர் முன்னால் நின்று பாடுகிறார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இன்னொருவர் கீபோர்டுக்குப் பின்னால் நிற்கிறார். விரல்கள் கொஞ்சம் அசைகின்றன. முகம் அசைவதே இல்லை. கீழக்கரையிலும் பாம்பனிலும் லேப்டாப்பில் பாட்டுப் போடப் பழகும் பையன்கள் இதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "காக்கா (அண்ணே), பாடுறவரு சரி, அந்த ரெண்டாவது ஆளு என்ன பண்றாரு?" அதன் பின்னாலேயே அடுத்த கேள்வியும் வருகிறது. எல்லாவற்றையும் மெஷின் வாசிக்கிறது என்றால் இதில் மனிதன் செய்வது என்ன?

இரண்டும் நியாயமான கேள்விகள். இந்த இரட்டையரைப் பல வருஷமாக விடாமல் கேட்டுவருகிற ரசிகன் என்ற முறையில் என் பதில் இது: அந்த இரண்டாவது ஆள் பாட்டில் சரிபாதி. அவர் வேலையில் பெரும்பங்கு மேடை ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது, அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வேலை என்ன என்று பார்க்க, ஆட்களை விட்டுவிட்டுக் கருவிகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஆட்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

யார் இந்த இருவர்

பாடுகிறவர் நீல் டெனன்ட். 1954ல் இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள நார்த் ஷீல்ட்ஸ் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் பிறந்தவர். அசையாமல் நிற்கிறவர் கிறிஸ் லோ. 1959ல் எதிர்க்கரையில், பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். நம் பக்கத்து ஆட்கள் கேட்டால் சந்தோஷப்படக்கூடிய விஷயம், இருவருமே கடலோரத்துக்காரர்கள்.

1981 ஆகஸ்ட் மாதம் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு எலெக்ட்ரானிக் சாமான் கடையில்தான் இருவரும் சந்தித்தார்கள். டெனன்ட் அப்போது பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். பிறகு 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பாப் இசைப் பத்திரிகைக்குப் போனார். லோ கட்டடக்கலை மாணவர். சின்ன வயதிலேயே டிரம்போனும் பியானோவும் வாசித்தவர். டெனன்டிடம் கோர்க் எம்எஸ்-10 என்ற சின்தசைசர் இருந்தது. பேச்சு அதில் தொடங்கியது. இன்றுவரை இவர்களுடைய சொந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை இருவர் பெயரிலும் சேர்ந்தேதான் வருகின்றன. இசை இவருடையது, வரி அவருடையது என்று பிரித்துப் போடுவதில்லை.

அடிப்படை: நான்கு கருவிகள்

1. சின்தசைசர். வீணையில் தந்தி அதிர்கிறது, நாதஸ்வரத்தில் காற்று அதிர்கிறது. சின்தசைசரில் முதலில் அதிர்வது மின்சாரம். ஒரு மின்சுற்றில் மின்சாரம் நொடிக்கு 440 முறை ஏறி இறங்கினால் ஸ்பீக்கரில் ஒரு ஸ்வரம் கேட்கும். அந்த ஏற்ற இறக்கம் ரம்பப் பல் வடிவமா, சதுர வடிவமா என்பதைப் பொறுத்து ஒலியின் குணம் மாறும். அப்புறம் ஃபில்டர் வருகிறது. உயர்ந்த அதிர்வுகளை அது வெட்டினால் ஒலி மங்கிப்போகும், திறந்துவிட்டால் பளீரென்று ஆகும். கடைசியாக, ஒலி எவ்வளவு சீக்கிரம் எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். இந்த மூன்றையும் திருகுகிற கைதான் அந்த ஒலியைச் செய்கிறது. எம்எஸ்-10ல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும். மிகச் சாதாரணமான கருவி. கற்றுக்கொள்ள அதுவே நல்லது.

2. டிரம் மெஷின். தாளத்தை வரிசையாகப் பதிந்துவைத்தால் திரும்பத் திரும்ப அடிக்கும் பெட்டி. ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 வந்தது 1980ல், 909 வந்தது 1983ல். நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால் ஒவ்வொரு அரை நொடிக்கும் ஓர் அடி விழும். கை தளராது, வேகம் கூடாது. ஆடுகிறவனுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் அடுத்த அடி எங்கே விழும் என்று அவன் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

3. சீக்வென்சரும் மிடியும். குழப்பம் அதிகம் வருகிற இடம் இதுதான். சீக்வென்சர் ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அடித்து எப்போது விட வேண்டும் என்ற கட்டளைகளை மட்டும் சேமிக்கிறது. ஒரு கம்பெனியின் கருவி இன்னொரு கம்பெனியின் கருவிக்கு இந்தக் கட்டளைகளை அனுப்ப ஒரு பொதுவான முறை 1983ல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் மிடி. ஒரே கேபிளில் 16 தடங்கள். கட்டை எண்ணும் அழுத்தமும் 0 முதல் 127 வரை. இன்றைக்கு லேப்டாப்பில் கட்டங்களில் விரலை வைத்துப் பாட்டுப் போடுகிற ஒவ்வொரு பையனும் அந்த 1983ம் வருஷ மொழியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கருவிகளால் நேர்ந்த விளைவு சாதாரணமானதல்ல, மிடி அதை இன்னும் எளிதாக்கியது. அதுவரை டிரம்ஸ், பேஸ் (அடியில் ஓடும் கனத்த ஒலி), கிதார், கீபோர்டு, குரல் என்று ஐந்து பேர் வேண்டியிருந்த வேலையை இரண்டு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து செய்ய முடிந்தது. அந்தக் காலகட்டத்தில் இங்கிலாந்திலிருந்து யாஸூ, சாஃப்ட் செல், யூரித்மிக்ஸ், இரேஷர் என்று வரிசையாக இரட்டையர்கள் கிளம்பியதற்கு இப்படி இருவர் போதும் என்று ஆகியிருந்ததும் ஒரு காரணம். ஒருவர் குரலும் சொல்லும், மற்றவர் கருவிகள். தமிழ்நாட்டிலும் இந்த அலை தாமதமாக வரவில்லை. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி வழி இசையைக் கையாண்டார். 1992ல் 'ரோஜா' வந்தபோது அந்த வழி அகலமாகத் திறந்தது. அதனால் இது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. அதே கருவிகளின் வேறு பயன்பாடு, அவ்வளவுதான்.

4. சாம்பிளர். ஏதாவது ஒரு உண்மையான ஒலியைப் பதிந்து, அதைக் கீபோர்டின் எந்தக் கட்டையிலும் வாசிக்கவைக்கும் கருவி. கடலலை, கோயில் மணி, ஒரு மனிதன் "ஆ" என்று சொல்வது, எதுவாக இருந்தாலும் சரி. எமுலேட்டர் என்ற சாம்பிளர் இவர்களுடைய ஆரம்பப் பாட்டுகளில் பெரும் வேலை செய்திருக்கிறது.

ஒரே பாட்டு, இரண்டு பிறப்பு

மெஷின்தான் பாட்டைச் செய்கிறது என்பது உண்மையானால், அதே பாட்டை இரண்டு முறை செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரவேண்டும். 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாட்டின் கதை இதற்கு நேர்மாறாக நடந்தது.

1983ல் டெனன்ட் பத்திரிகை வேலையாக நியூயார்க் போனார். அங்கே பாபி ஆர்லாண்டோ என்ற நடன இசைத் தயாரிப்பாளரைச் சந்தித்தார். அவர் தயாரிப்பில் இந்தப் பாட்டு 1984ல் வெளிவந்தது. அமெரிக்காவில் சில நடன விடுதிகளிலும், பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் கொஞ்சம் ஓடியது. சொந்த நாட்டில் எடுபடவில்லை. பிறகு ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரோடு உட்கார்ந்து ஏறக்குறைய அதே வரிகள், அதே மெட்டை வைத்துக்கொண்டு மறுபடி செய்தார்கள். 1985 அக்டோபரில் வந்தது. 1986 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம், அதே வருஷம் மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடம்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் தாளம் முன்னால் வந்து நின்று அடிக்கிறது. இரண்டாவது தெருச் சத்தத்தோடும் யாரோ நடந்துபோகும் காலடியோடும் தொடங்குகிறது. அப்புறம் மெதுவாகப் பரவும் ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), அதற்கு அடியில் நடந்துபோவது போன்ற பேஸ். பின்னால் மிதக்கிற கூட்டுக்குரலும் இடையில் வரும் டிரம்பெட்டும் சாம்பிளரிலிருந்து வருபவை. வேகம் தணிந்ததும் டெனன்டின் குரலுக்கு இடம் கிடைத்தது. சரணங்களை அவர் பாடுவதில்லை, பேசுகிறார். அமெரிக்க ராப் பாட்டு ஒன்று கொடுத்த யோசனை அது. ஆனால் அமெரிக்க உச்சரிப்பைக் கடன் வாங்காமல், லண்டன் தெருவில் நடந்துகொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலப் பேசினார். பல குரல்கள் குறுக்கிடும் நகரம் என்ற கருத்துக்கு டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதையும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கிறது.

மெட்டு மாறவில்லை, சொல்லும் பெரும்பாலும் மாறவில்லை. எந்த ஒலி எங்கே நுழைய வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும், எவ்வளவு வேகம் போதும் என்ற தீர்மானங்கள்தான் மாறின. அந்தத் தீர்மானங்கள்தான் முழுப் பாட்டையும் சுமக்கின்றன. லோவும் இவர்களோடு சேரும் தயாரிப்பாளர்களும் செய்கிற வேலை என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

தங்கச்சிமடத்தில் இருப்பவருக்குப் புரிகிற ஒரு பாட்டு

இவர்களைக் குளிர்ந்துபோன இசைக்காரர்கள், உணர்ச்சியே இல்லாதவர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் போட்டுக்காட்டுவது 1987ல் வந்த 'இட்ஸ் எ சின்'. டெனன்ட் நியூகாசிலில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் படித்தவர். தான் விரும்பியது எல்லாமே பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவனின் புலம்பல்தான் பாட்டின் பொருள். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது.

இதில் மூன்று விஷயங்களைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதலாவது, கோர்ட் வரிசை. ஒன்றிலிருந்து அடுத்தது ஐந்தாம் ஸ்வரம் என்ற கணக்கில் படிப்படியாக நகர்கிறது. ஐரோப்பியத் தேவாலய இசையில் பாக் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் காலத்திலிருந்தே பழகிப்போன நகர்வு அது. வார்த்தை புரியாவிட்டாலும் இது கோயிலுக்குள் நடக்கிற விஷயம் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, அந்தத் தேவாலய நகர்வுக்கு அடியில் ஓடுகிற பேஸும் தாளமும். அது நடன அரங்கின் தாளம். பாவம் என்று சொல்லப்பட்ட இடத்தின் தாளமும் பாவம் என்று சொன்ன இடத்தின் மெட்டும் ஒரே பாட்டுக்குள் மோதுகின்றன. வரிகளில் சொல்லாததைக் கருவிகள் சொல்கின்றன.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டு முடிகிற இடத்தில் டெனன்ட் லத்தீனில் ஒரு ஜெபத்தை முணுமுணுக்கிறார். திருப்பலியின் தொடக்கத்தில் சொல்லப்படும் பாவ அறிக்கை அது. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஓரியூரிலோ பூசைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் இதைத் தமிழில் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்" என்று வருமே, அதே ஜெபம்தான். லண்டன் நடன அரங்கில் இதைக் கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அந்த லத்தீன் புரிந்திருக்கும் தெரியாது. நம் கரையில் இருக்கிற ஒரு மீனவர் வீட்டுப் பையனுக்குப் பொருளைச் சொல்லிவிட்டால் போதும், நெஞ்சில் கைவைத்துத் தட்டிக்கொள்ளும் அந்த இடம் அவனுக்கு உடனே விளங்கும். நாலு பேர் கேட்கிற பாப் பாட்டுக்குள் இவ்வளவு கனமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்தவர்களை உணர்ச்சி இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

நீளமான வடிவம் எதற்கு

இவர்களுடைய ஒரே பாட்டு மூன்று நிமிஷம், ஏழு நிமிஷம் என்று பல அளவுகளில் கிடைப்பது புதிதாகக் கேட்பவரைக் குழப்பும். 1970களில் 12 அங்குல இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்பதால் தட்டின் வரித்தடங்களை அகலமாக வெட்ட முடிந்தது. பேஸ் ஆழமாகவும் சத்தமாகவும் பதிந்தது. நடன அரங்கில் ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு இணைப்பவருக்கு, தாளம் மட்டும் ஓடுகிற நீண்ட தொடக்கமும் முடிவும் தேவை. நீளமான வடிவம் இப்படித்தான் பிறந்தது.

மற்றவர்கள் ரேடியோவுக்கான சின்ன வடிவத்தை முதலில் செய்துவிட்டுப் பிறகு அதை இழுத்து நீட்டினார்கள். பெட் ஷாப் பாய்ஸ் 1988ல் இதைத் திருப்பிப் போட்டார்கள். 'இன்ட்ராஸ்பெக்டிவ்' ஆல்பத்தில் மொத்தம் 6 பாட்டுகள்தான், ஒவ்வொன்றும் ஆறு நிமிஷத்துக்கு மேல். நீளமானதுதான் முழு வடிவம். ஓரிரு பாட்டு தவிர, ரேடியோவுக்குப் போனது அதிலிருந்து வெட்டிய துண்டு. ஆகவே இந்த ஆல்பத்துப் பாட்டுகளில் எதைக் கேட்பது என்று சந்தேகம் வந்தால் நீளமானதையே கேளுங்கள்.

நம் ஊர் ஸ்பீக்கரில் ஏன் எடுபடுவதில்லை

"கேட்டேன், ஒண்ணும் பெருசா இல்லியே" என்று சொல்கிறவர்களிடம் எதில் கேட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கைபேசி ஸ்பீக்கர் என்றுதான் பதில் வருகிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இந்த இசையில் பாதி, 40 முதல் 150 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையிலான கீழ்ப்பகுதியில் நடக்கிறது. கிக் டிரம்மும் பேஸும் அங்கேதான் குடியிருக்கின்றன. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அந்தப் பகுதியைத் தள்ள முடியாது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் கட்டுகிற குழாயும் அப்படித்தான். பேச்சு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்றே செய்யப்பட்டது அது, சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக எதுவும் வராது. பழைய சினிமாப் பாட்டு குழாயிலும் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் குரலும் வயலினும் புல்லாங்குழலும் நடுப்பகுதியிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. இலங்கை வானொலி கடல் தாண்டித் தெளிவாகக் கேட்ட காலத்தில் மர்ஃபி ரேடியோவில் அந்தப் பாட்டுகள் குறையில்லாமல் வந்ததற்கும் இது ஒரு காரணம். எலெக்ட்ரானிக் பாப்பைக் குழாயில் போட்டால் மேல்தோல் மட்டும்தான் கேட்கும்.

சந்தனக்கூட்டுக்கும் தேர்பவனிக்கும் கல்யாணத்துக்கும் பேஸ் பாக்ஸ் அடுக்குகிற சவுண்ட் செட்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 18 அங்குல ஸ்பீக்கரில் அடி விழும்போது நெஞ்சுக்கூடு அதிர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மேடை கட்டி முடித்துக் கூட்டம் வருவதற்கு முன்னால், செட்டைச் சோதிக்கிற நேரத்தில் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' போடச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை கேட்காத ஒரு பேஸ் வரி அடியில் நடந்துபோவது தெரியும். அந்த வசதி இல்லாவிட்டால் காதை மூடிக்கொள்ளும் நல்ல ஹெட்போன் போதும்.

மறுபடி அந்த மேடைக்கு

இப்போது முதல் கேள்விக்கு நேரான பதில் சொல்லலாம்.

1. டெனன்டின் குரல் மேடையில் நேரடியாக வருகிறது. தாளமும் பெரும்பாலான அடுக்குகளும் முன்பே நிரல்படுத்தி வைத்தவை, கணினி ஓட்டுகிறது. இதை அவர்கள் மறைக்கவில்லை.

2. அந்த அடுக்குகளுக்கு மேல் சில பகுதிகளை லோ கையால் வாசிக்கிறார். அண்மைக் காலக் கச்சேரிகளில் கூடுதலாகத் தாளக் கருவியும் கீபோர்டும் வாசிக்கும் கலைஞர்களும் மேடையில் இருக்கிறார்கள்.

3. அசையாமல் நிற்பது ஒரு தேர்வு. ராக் குழுக்கள் வியர்த்துப் புரண்டு உழைப்பைக் காட்டிய காலத்தில், உழைப்பு வேறிடத்தில் நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிற நிலை அது. கண்ணுக்கு வேண்டியதை உடையும் ஒளியும் திரைப்படமும் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1989ல் நடந்த அவர்களுடைய முதல் சுற்றுப்பயணத்துக்கே டெரக் ஜார்மன் என்ற திரைப்பட இயக்குநர்தான் பின்திரைப் படங்களை எடுத்துக்கொடுத்தார்.

இதில் மூன்றாவதைத்தான் நம் பையன்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். லேப்டாப்பில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஒலிகள் கிடைக்கின்றன. ஒரு பொத்தானைத் தட்டினால் தாளம் தயார். அதனால் அவர்கள் போடுகிற பாட்டில் எல்லா இடமும் நிரம்பி வழிகிறது. மேடையில் அசைவைக் குறைத்ததுபோலவே, பாட்டிலும் டெனன்டும் லோவும் நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் செய்துவருவது தேவையில்லாததை எடுத்துவிடுகிற வேலை. 1990ல் வந்த 'பிஹேவியர்' ஆல்பத்தில் அது உச்சம். எல்லோரும் புது டிஜிட்டல் ஒலிக்குப் போய்க்கொண்டிருந்தபோது இவர்கள் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய், ஹரோல்ட் ஃபால்டர்மேயர் என்ற தயாரிப்பாளரோடு பழைய அனலாக் சின்தசைசர்களை வைத்துச் செய்தார்கள். ஒலிகளுக்கு நடுவே காற்றோட்டம் இருக்கும். அதிலுள்ள 'பீயிங் போரிங்' பாட்டு, எய்ட்ஸ் நோயில் இறந்துபோன இளமைக்கால நண்பனை நினைத்து எழுதப்பட்டது. விற்பனையில் பிரிட்டனில் 20ம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் ரசிகர்களில் பலர் முதலில் சொல்லும் பாட்டு அதுதான், நானும் அப்படியே.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

வரிசையாக எல்லா ஆல்பத்தையும் கேட்க வேண்டாம். 1987ன் 'ஆக்சுவலி' முதலில். மெட்டு உடனே பிடிபடும். அடுத்து 'இன்ட்ராஸ்பெக்டிவ்', நீளத்துக்காக. அதன் பின் 'பிஹேவியர்', இரவில், ஹெட்போனில். ஆட வேண்டும் என்றால் 2013ல் ஸ்டூவர்ட் பிரைஸ் தயாரித்த 'எலெக்ட்ரிக்' இருக்கிறது. கடைசியாக 2024ல் வந்த 'நன்தலெஸ்'. ஜேம்ஸ் ஃபோர்ட் தயாரிப்பு, இசைக்குழுவின் வயலின்கள் நிறைய. எழுபதை நெருங்கிய குரல் இன்னும் அதே மெலிந்த, அலங்காரமில்லாத குரலாகவே இருப்பதை அதில் கேட்கலாம். ஒவ்வொரு பாட்டையும் முதல் தடவை குரலோடு போய்க் கேளுங்கள், இரண்டாம் தடவை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் தடவை நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி, தொப்பி போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறவரின் வேலை.